தாழும் தாக்கோலும்

ஆனி மாதத்தின் கடைசி வாரம். மூன்று நாளாகச் சாரல் ஓயவில்லை. இரவு மணி பத்தைக் கடந்து சிறிது நேரமே ஆகியிருக்கும். படுக்கைக்குச் சென்ற நம்மைக் கோயிற்பிள்ளை வந்து கதவைத் தட்டி எழுப்பினார். "சாமி, கடைசித் தெருவிலே அம்மச்சி வீட்டுக்குள்ளே விழுந்து கிடக்காவ. கதவு தொறக்கமாட்டேங்கு" என்றார். குடையை எடுத்துக்கொண்டு நடந்தோம்.

அந்த அம்மையாரை நம் பங்கில் அறியாதார் இல்லை. எழுபத்தாறு வயது. கணவர் கடலிலேயே காலம் கழித்து மறைந்தவர். ஆண்மக்கள் இருவரும் குவைத்தில் இருக்கின்றனர். முந்திய மாசி மாதம் விடுமுறையில் வந்த மூத்த மகன், தாயார் தனித்து உறங்குகிறாரே என்னும் கவலையால், வாசற்கதவில் இருந்த பழைய பூட்டை எடுத்துவிட்டு, விரல்ரேகைக்கும் எண்களுக்கும் திறக்கும் மின்னணுப் பூட்டு ஒன்றைப் பொருத்திச் சென்றிருந்தார். கதவு நல்ல ஆயினி மரம். பூட்டும் விலை குறைந்ததன்று. மகனுடைய நோக்கத்திலும் ஒரு குறை கூற இயலாது.

நாம் சென்றபோது தெருவே அங்குத் திரண்டு நின்றது. உள்ளேயிருந்து முனகல் கேட்டது. குளியலறை வாயிலில் வழுக்கி விழுந்தவரால் எழ இயலவில்லை. சன்னல்களுக்கெல்லாம் இரும்புக் கம்பி, பின்கதவுக்கு உள்தாழ். வாசற்கதவின் பூட்டோ கையை வைத்தால் ஒளிரவுமில்லை, ஒலிக்கவுமில்லை. அதன் மின்கலங்கள் தீர்ந்துவிட்டிருந்தன. இரண்டு வாரமாக அது கதவைத் திறக்கும்போதெல்லாம் கீச்சுக்கீச்சென்று கத்தியதாம். அஃது அந்தப் பூட்டின் வழக்கமான பாட்டு என்றே அம்மையார் எண்ணியிருந்தார். மின்கலம் குறைந்துவிட்டது, மாற்று என்று அது கூவியது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்வார் ஒருவருமில்லை.

கல்லூரியில் பயிலும் அண்டைவீட்டுப் பையன் ஒருவன்தான் பூட்டின் அடிப்பகுதியைத் தடவிப் பார்த்து, கைப்பேசிக்கு மின்னேற்றும் துளையைப் போன்றதொரு சிறு துளை அங்கிருப்பதைக் கண்டுபிடித்தான். பவர் பேங்க் ஒன்றைக் கம்பியால் இணைத்ததும் எண்பலகை ஒளிர்ந்தது. அடுத்த கேள்வி, எண் என்ன என்பது. குவைத்துக்குப் பேசினார்கள். முதல் இரு அழைப்புகளுக்கு மகன் எடுக்கவில்லை. இரவுப் பணியில் இருந்திருக்கிறார். மூன்றாம் முறை எண் கிடைத்தது. எண்ணை அழுத்தியதும் உள்ளே மோட்டார் முனகியது; ஆனால் நாக்கு அசையவில்லை. மறுபடி அழுத்தினான், மறுபடியும் முனகல் மட்டுமே. அவசரத் திறவுகோல் எங்கே என்றால், அது பூட்டு வந்த அட்டைப்பெட்டியோடு உள்ளே அலமாரியில் பத்திரமாக இருந்தது!

அப்போதுதான் நம் ஊர் ஆசாரி மழையில் நனைந்தபடி வந்து சேர்ந்தார். கதவை மேலுங்கீழும் ஒருமுறை தடவிப் பார்த்தார். கைப்பிடியை இரு கைகளாலும் பற்றி, கதவைத் தம் பக்கமாக இழுத்து, சற்றே மேல்நோக்கியும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இப்போ அமுக்கு மக்கா" என்றார். பையன் எண்ணை அழுத்தினான். மோட்டார் ஒருமுறை சுழன்றது, கதவு திறந்தது. நாம் கடிகாரத்தைப் பார்த்தோம். பக்கத்து வீட்டார் அலறலைக் கேட்டதிலிருந்து கதவு திறக்கும்வரை ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அன்றிரவே கொண்டு சென்றோம்.

இதை இப்பகுதியில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் பங்கு மட்டுமன்று. குளச்சல் முதல் கன்னியாகுமரி வரை எந்த ஊருக்குச் சென்றாலும், பிள்ளைகள் வெளிநாட்டிலும் பெற்றோர் வீட்டிலுமாக இருக்கும் குடும்பங்களில் இப்பூட்டு வந்துகொண்டிருக்கிறது. வாங்குவோர் மிகுதி, பொருத்தும் முறை அறிந்தோர் குறைவு. அடுத்த வாரம் அந்தக் கதவை ஆசாரி கழற்றிச் செப்பம் செய்தபோது நாமும் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் அமர்ந்து, கேட்க வேண்டியவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டோம். மெய்யியலும் இறையியலும் படித்த குருமடத்தில் தச்சுவேலை நமக்குக் கற்பிக்கப்படவில்லை. ஆதலின் கீழே வருவனவற்றில் சரியாக உள்ளவை ஆசாரியுடையவை.

முதலில் அவர் சொன்னது: "பூட்டைக் குறை சொல்லாதீங்க சாமி. குழி தோண்டினவன் மழையை நினைக்கல்ல."

இவ்வகைப் பூட்டுக்கு மார்ட்டிஸ் பூட்டு என்று பெயர். கதவின் மேற்பரப்பில் திருகி வைக்கும் பூட்டன்று. கதவின் விளிம்பில் ஆழமாக ஒரு குழி குடைந்து, அதனுள் இரும்புப் பெட்டி ஒன்றைச் செருகிவிடுவது. அப்பெட்டியிலிருந்து நாக்குகள் நீளும். ஒன்று சரிவான நாக்கு. வில்லின் விசையால் இயங்குவது. கதவைச் சாத்தினாலே விழுந்துகொள்ளும். மற்றொன்று சதுரமான கட்டி நாக்கு. அதுவே உண்மையான காவல். கதவுநிலையில் பதித்த தகட்டின் துளைக்குள் அது புகுந்து நிற்கும். பழைய பூட்டில் இந்தக் கட்டி நாக்கைத் திறவுகோல் தள்ளிற்று; புதிய பூட்டில் சிறு மோட்டார் ஒன்று தள்ளுகிறது, அல்லது கைப்பிடியை நாக்கோடு இணைத்துக் கொடுக்கிறது. வேறுபாடு இவ்வளவே. மனிதனுடைய மணிக்கட்டில் உள்ள வலிமை, நான்கு சிறு மின்கலங்களால் சுழலும் மோட்டாருக்குக் கிடையாது. பழைய திறவுகோலை நாம் இறுக்கித் திருப்பி, கதவை முழங்காலால் ஓர் இடி இடித்துத் திறந்துவிடுவோம். மோட்டார் அவ்வாறு செய்யாது. சற்றே உரசினாலும் முனகி நின்றுவிடும். ஒவ்வொரு முனகலுக்கும் மின்கலம் தேயும். எனவே மின்னணுப் பூட்டு கேட்பதெல்லாம் உரசலில்லாத கதவு.

நம் மாவட்டத்தில் உரசலில்லாத கதவு என்பது எளிதன்று. தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு மழை ஒரு பருவம், நமக்கு இரண்டு. ஆனி ஆடியில் மேற்கிலிருந்து ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் கிழக்கிலிருந்து ஒன்று. மரம் ஈரத்தைக் குடித்தால் நீளத்தில் ஏறத்தாழ வளராது, அகலத்திலேயே விரியும். அந்த வீட்டில் பூட்டைப் பொருத்தியது மாசியில். மரம் காய்ந்து சுருங்கியிருந்த காலம். அன்று கதவுக்கும் நிலைக்கும் இடைவெளி சரியாக இருந்தது. தகட்டின் துளையும் நாக்குக்கு அளவாக இருந்தது. ஆனியில் கதவு விரிந்து, நிலையில் முழுதும் பதியாமல் சற்று வெளித்தள்ளி நின்றது; கீல்களும் சிறிது தாழ்ந்திருந்தன. நாக்கு துளையின் ஓரத்தில் அழுந்திப் பிடித்துக்கொண்டது. அன்றிரவு ஆசாரி கதவைத் தம் பக்கம் இழுத்துத் தூக்கியது அந்த அழுத்தத்தை விடுவிப்பதற்கே. உட்பக்கமாகத் திறக்கும் கதவை வெளியே நிற்பவர் இழுத்துப் பிடிக்க வேண்டும். வெளிப்பக்கமாகத் திறப்பதைத் தள்ளிப் பிடிக்க வேண்டும். இந்த ஒரு செய்தியையேனும் வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்வார்களாக.

ஈரம் புகுந்த வழிகளையும் அவர் காட்டினார். கதவின் முகத்துக்கு மூன்று கை வார்னிஷ் அடித்திருந்தார்கள். மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் ஒரு கைகூட இல்லை. மரத்தின் நார்கள் வெட்டுண்டு வாய் திறந்திருக்கும் இடங்கள் அவை. தண்ணீர் குடிப்பதும் அங்கேதான். புதிதாகக் குடைந்த பூட்டுக்குழியின் உட்சுவரும் பச்சை மரமாகவே விடப்பட்டிருந்தது. ஆசாரி மூன்றையும் உலர்த்தி, வார்னிஷ் பூசி, அது காய்ந்த பிறகே மேல்வேலையைத் தொடங்கினார். காய்வதற்கு ஒரு முழு நாள் பிடித்தது. பொருத்துவதற்கு வரும் பையன்கள் இரண்டு மணி நேரத்தில் முடித்துப் போய்விடுகிறார்கள் என்றால் எதை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

இனி, வாங்குவதற்கு முன் அளக்க வேண்டியவை. கதவின் கனம் முதலாவது. செருகும் பெட்டி 20 மில்லிமீட்டர் கனமுடையதாயின், 35 மில்லிமீட்டர் கதவில் அதைக் குடைந்து வைத்தால் இருபுறமும் ஏழரை மில்லிமீட்டர் மரமே எஞ்சும். அஃது ஒரு உதைக்குத் தாங்காது. 40 மில்லிமீட்டருக்குக் குறைந்த கதவில் இதைப் பொருத்துவதைப் பற்றி இருமுறை எண்ண வேண்டும் என்பது ஆசாரியின் கருத்து. அடுத்து, கதவின் ஓரச் சட்டம் எவ்வளவு அகலம் என்பது. விளிம்பிலிருந்து கைப்பிடியின் அச்சுவரை 60 மில்லிமீட்டர் தூரம் கொண்ட பூட்டுகளே கடைகளில் மிகுதி. அதற்கப்பாலும் பெட்டி உள்ளே நீளும். பழைய பலகைக்கதவுகளின் ஓரச் சட்டம் நான்கு அங்குலமே இருக்கக்கூடும். பெட்டியின் முதுகு சட்டத்தைக் கடந்து மெல்லிய பலகைக்குள் போய்விடும். மூன்றாவதாக, கைப்பிடியின் உயரத்தில், அதாவது தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில், நடுக்குறுக்குச் சட்டம் ஓரச் சட்டத்தோடு பொருந்தும் மூட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அங்கே குழி குடையக் கூடாது. குடைந்தால் கதவின் எலும்பையே அறுத்ததாகும். சற்று மேலோ கீழோ போக வேண்டும். கதவு இடக்கையா வலக்கையா, உள்ளே திறப்பதா வெளியே திறப்பதா என்பதையும் கடைக்காரருக்குச் சொல்ல வேண்டும். சரிவு நாக்கைத் திருப்பிப் போட எல்லாப் பூட்டிலும் வழியில்லை.

பொருத்தும் முறை இது. பூட்டோடு வரும் காகித வரைபடத்தைக் கதவில் ஒட்டிக் குறித்துக்கொள்வர். கதவின் விளிம்பில் நடுக்கோடு கிழித்து, அக்கோட்டின்மீது வரிசையாகத் துளைகள் இட்டு, இடைப்பட்ட மரத்தை உளியால் எடுத்துக் குழியை ஒழுங்கு செய்வர். துரப்பணம் சாயாமல் நேரே இறங்குவதுதான் இங்கே தொழில். ஓர் இழை சாய்ந்தாலும் பெட்டி கோணலாக உட்காரும். கைப்பிடியின் சதுரக்கம்பி பிடித்துக்கொள்ளும். கைப்பிடிக்கும் கம்பிக்கும் உரிய பக்கத்துளைகளை ஒரே பக்கத்திலிருந்து முழுதும் துளைத்தால் மறுபக்கம் மரம் பிளந்து சிதறும். பாதி இங்கிருந்தும் பாதி அங்கிருந்தும் துளைக்க வேண்டும். பெட்டியைக் குழியில் வைத்துக்கொண்டே பக்கத்துளை இடுவோரும் உளராம். துரப்பணத்தின் முனை உள்ளேயிருக்கும் மோட்டாரைக் குத்திவிடும். வெளிப்பலகையையும் உட்பலகையையும் இணைக்கும் மெல்லிய கம்பி மிக நுட்பமானது. அது நசுங்காமல், சதுரக்கம்பியில் சுற்றிக்கொள்ளாமல், தனக்குரிய துளை வழியே வர வேண்டும். திருகுகளை ஆணவத்தோடு முறுக்கக் கூடாது என்றார் ஆசாரி. அச்சொல்லை அவர்தாம் சொன்னார், நாம் சேர்க்கவில்லை. மிகுதியாக முறுக்கினால் இரு பலகைகளும் கதவை நெருக்கி, கைப்பிடி திரும்பாது போகும்.

எல்லாம் முடிந்ததும் கதவைச் சாத்திப் பார்க்கத் தோன்றும். அங்குதான் பலர் ஏமாறுகின்றனர். கதவு திறந்திருக்கும்போதே விரல், எண், அட்டை, திறவுகோல், உட்கைப்பிடி ஆகிய அனைத்தையும் பலமுறை சோதித்து முடித்த பின்னரே சாத்த வேண்டும். நிலையில் பதிக்கும் தகட்டுக்கு ஆசாரி செய்த உபாயம் அழகானது. வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தைக் குழைத்து நாக்கின் முனையில் தடவி, கதவைச் சாத்தி நாக்கை நீட்டினார். நிலையில் நீலம் பட்ட இடமே குழிக்குரிய இடம். அதைச் சுற்றி எல்லாப் புறமும் ஓரிரண்டு மில்லிமீட்டர் கூடுதலாகக் குடைந்தார். ஆழத்தையும் நாக்கின் முழு நீளத்துக்குமேல் சற்றுக் கூட்டினார். குழி ஆழமில்லாவிடில் நாக்கு முட்டி நிற்கும்; மோட்டார் தன் வேலை முடியவில்லை என்று மீண்டும் மீண்டும் தள்ளும்; ஆறு மாதம் வரவேண்டிய மின்கலம் ஆறு வாரத்தில் தீரும். பழைய குழி சுவடியின் அட்டையைப் போல மெல்லியதாக இருந்தது என்று காட்டினார்.

இரும்புக் கதவைப் பற்றிச் சொல்லாமல் விட இயலாது. நம் பக்கம் இப்போது அதுவே பெருகி வருகிறது. தொழிற்சாலையிலிருந்து வரும் எஃகுக் கதவில் பூட்டுக்குரிய இடம் முன்பே வெட்டி, உட்புறம் தகடு வைத்து வலுவூட்டப்பட்டிருக்கும். அவ்விடத்துக்குப் பொருந்தும் பூட்டை வாங்கினால் போதும். பொருந்தாத ஒன்றை வாங்கிவந்து கதவை அறுப்பதுதான் கேடு. வெல்டிங் பட்டறையில் குழாய்ச்சட்டமும் தகடும் வைத்துச் செய்த கதவாயின், சட்டத்தை வெட்டி, பூட்டுப்பெட்டிக்கு ஓர் உறை செய்து பற்றவைக்க வேண்டும். பற்றவைப்பு முழுதும் முடிந்து, இரும்பு ஆறிய பிறகே பூட்டைப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். பூட்டு பொருத்தியிருக்கும் கதவில் வெல்டிங் செய்தால் அந்த மின்சாரமும் வெப்பமும் பூட்டின் மூளையை எரித்துவிடும். வெட்டிய ஓரங்களை அரம் கொண்டு மழுக்கி, கம்பி செல்லும் துளைக்கு ரப்பர் வளையம் போட வேண்டும். இன்றேல் கதவை அடித்துச் சாத்தும் ஒவ்வொரு முறையும் தகட்டின் கூர்விளிம்பு கம்பியை அறுக்கும். அறுத்த இரும்புத்தூளை ஒரு துகள் விடாமல் எடுக்க வேண்டும். மெல்லிய தகட்டில் நேரே திருகிய திருகு நாளடைவில் தளர்ந்துவிடும். உட்புறம் நட்டு வைத்துப் பற்றவைப்பதே நிலைக்கும். வெட்டுவாயில் செங்காவி வண்ணம் பூசாமல் விட்டால், உப்புக்காற்றுக்கு அது பலகாரம் கிடைத்தது போல. கடலை நோக்கிய வீடுகளில் 304 என்னும் தரத்துத் துருவில்லா எஃகும் நாளடைவில் பழுப்புப் புள்ளி கொள்ளும். 316 என்னும் தரம் அதைவிடத் தாங்கும். மேற்கு வெயிலும் சாரலும் நேரே அறையும் கதவுக்கு மேலே ஒரு சிறு கூரையாவது இருக்கட்டும்.

நிற்க. நம் நாஞ்சில் நாட்டார் திறவுகோலைத் தாக்கோல் என்பர். கேலி செய்யும் வெளியூர் நண்பர்களுக்குச் சொல்லுங்கள்: தாழைத் திறக்கும் கோல், தாழ்க்கோல், அதுவே தாக்கோல். மலையாளத்தாரும் நாமும் காத்து வைத்திருக்கும் சொல் அது. தக்கலைக்கு அருகே பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்தவர்கள் மரத்தில் நம் முன்னோர் எதைச் செய்யவில்லை என்று வியந்திருப்பார்கள். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகர் அவ்வூர். 1956 நவம்பர் முதல் நாளில் இம்மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்த பிறகும் அரண்மனையைக் கேரள அரசே பேணி வருகிறது. திரைப்படம் பற்றி இப்பகுதியில் எழுதுவது நம் வழக்கமன்று; ஆயினும் 1993 இல் அங்கே ஒரு பகுதி எடுக்கப்பட்ட மலையாளப் படத்தின் பெயரே 'மணிச்சித்ரத்தாழ்' என்று ஒரு பூட்டின் பெயராக அமைந்ததைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வடக்கே திண்டுக்கல்லில் கையாலேயே பூட்டுச் செய்வோர் இன்றும் உளர். மாங்காய் வடிவில் அவர்கள் செய்யும் பூட்டைப் பல வீடுகளில் கண்டிருப்பீர்கள். 2019 இல் அவ்வூர்ப் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பம்பாயில் வழக்கறிஞர் தொழிலை விட்ட ஆர்தேஷிர் கோத்ரெஜ் 1897 இல் தொடங்கியதும் பூட்டுத் தொழிலே. அமெரிக்கரான லைனஸ் யேல் 1860களில் செம்மைப்படுத்திய ஊசிமுறை, இன்றைய மின்னணுப் பூட்டுகள் பலவற்றின் மூடிக்குப் பின்னே ஒளிந்திருக்கும் அவசரத் துளையில் இன்னும் வாழ்கிறது. எத்துணை மின்னணு வந்தாலும் இறுதியில் ஒரு தாக்கோலை வைத்தே அவர்களும் விற்கிறார்கள்.

அந்தத் தாக்கோல் யாரிடம் இருக்க வேண்டும் என்பதே நாம் குடும்பங்களைக் கேட்க விரும்பும் கேள்வி. வீட்டுக்குள் அலமாரியில் இருப்பது இல்லாததற்குச் சமம். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், நம்பத்தக்க ஒரு வீட்டில் ஒன்று இருக்க வேண்டும். "யாரை நம்புவது சாமி?" என்று ஒரு குடும்பத்தலைவர் நம்மிடமே கேட்டார். அவருடைய வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே ஒன்றரை அடிச் சந்தின் பொருட்டு வழக்கு நடக்கிறது. அவருக்கு நாம் சொன்ன மறுமொழி இங்கே வேண்டாம். ஆனால் பூட்டை வாங்குமுன் அவர் அந்தச் சந்தைப் பற்றிச் சிந்தித்தால் நலம். திருச்சபைச் சட்டத்தொகுப்பிலும், 1983 ஆம் ஆண்டுப் பதிப்பில் 938 ஆம் சட்டம் நற்கருணைப் பேழை பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்று சொல்லி நிறுத்தவில்லை. அதன் திறவுகோலைக் கருத்தோடு காக்கும் கடமையையும் உரியவரிடம் ஒப்படைக்கிறது. நம் ஆலயத்தில் திருப்பலி உடைகள் வைக்கும் அறைக்கு மின்னணுப் பூட்டுப் போடலாமா என்று பங்குப் பேரவையில் கேட்டபோது, எண்ணை எத்தனை பேர் அறிவார்கள் என்று நாம் எண்ணிப் பார்த்தோம். பதினொருவர் வந்தனர். பழைய பூட்டே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

விரல்ரேகையை மட்டும் நம்பி இருக்கவும் வேண்டாம். வலையிழுத்த கை, கயிறு திரித்த கை, ரப்பர் வெட்டிய கை, அறுபது ஆண்டு பாத்திரம் துலக்கிய கை: இவற்றில் ரேகை தேய்ந்திருக்கும். நியாயவிலைக் கடையில் விரல் பதியாமல் நம் முதியோர் படும் பாடு அறிந்ததே. அத்தகையோருக்கு அட்டையோ எண்ணோ வேண்டும். எண் என்றால் பிறந்த ஆண்டும் வண்டி எண்ணும் ஆகா. அயல்நாட்டிலிருந்தே கைப்பேசியால் திறந்துவிடலாம் என்று பிள்ளைகள் மகிழ்கிறார்கள். அதற்கு வீட்டில் இணையம் வேண்டும். இணையத்துக்கு மின்சாரம் வேண்டும். 2017 நவம்பர் 30 இல் ஒக்கிப் புயல் அடித்தபின் நம் ஊர்களில் எத்தனை நாள் மின்சாரம் இல்லாதிருந்தோம் என்பதை மறந்துவிட்டோமா? மின்கலத்தால் இயங்கும் பூட்டு அந்நாளிலும் திறக்கும். குவைத்திலிருந்து அழுத்தும் விரல் மட்டும் வந்து சேராது.

எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்று. உள்ளே இருப்பவர், எண்ணும் விரலும் மின்கலமும் இல்லாமலேயே, உட்கைப்பிடியை ஒருமுறை அழுத்தினால் வெளியே வரக்கூடியவராயிருக்க வேண்டும். அடுக்களையில் தீப்பிடித்தால் எண்ணை நினைவுகூர நேரமிராது. பொருத்தியவர் போகுமுன் மின்கலங்களைக் கழற்றச் சொல்லி, வீட்டில் மிகச் சிறிய பிள்ளையைக் கொண்டும் மிக முதியவரைக் கொண்டும் உள்ளேயிருந்து திறக்கச் செய்து பாருங்கள். அவர்களால் இயலாவிடில் கூலியைக் கொடாதீர்கள்.

மின்கலங்கள் நான்கையும் ஒருசேர மாற்ற வேண்டும். பழையதும் புதியதும் கலக்கலாகாது. ஆல்கலைன் என்னும் வகையே ஏற்றது. மலிவான வகை விரைவில் ஒழுகிப் பூட்டைக் கெடுக்கும். மீண்டும் மின்னேற்றும் வகைக்கு அழுத்தம் சற்றுக் குறைவு என்பதால் பூட்டு தன் இருப்பைத் தவறாகக் கணக்கிடும். கத்தும்வரை காத்திராமல் மே முதல் நாளிலும் கல்லறைத் திருநாளான நவம்பர் 2 இலும் மாற்றிவிடுங்கள் என்று நம் பங்கில் சொல்லி வைத்திருக்கிறோம். இரண்டும் இரு மழைகளுக்கும் அருகே வருவன. கதவு உரசுகிறதா என்பதையும் அன்றே பார்த்துவிடலாம்.

அம்மையார் மூன்று மாதத்துக்குப் பின் வீடு திரும்பினார். இப்போது கைத்தாங்கியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். மகன் விடுப்பெடுத்து வந்து பூட்டைக் கழற்றி எறிந்துவிடப் புறப்பட்டார்; தாயார்தாம் தடுத்தார். கடந்த முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு சென்றபோது, பக்கத்து வீட்டுச் சிறுமி தன் கழுத்தில் தொங்கிய அட்டையைக் காட்டிக் கதவைத் திறந்துவிட்டாள். தாக்கோல் அச்சிறுமியின் தாயிடம் இருக்கிறது. நாம் விடைபெற்று எழுந்தபோது அம்மையார் நம்மை அழைத்து, "சாமி, அது கத்தினா இப்ப எனக்குத் தெரியும்" என்றார்.